மதலேனா டீச்சர் திருப்பிக் கொடுக்காத கார்

மதலேனா டீச்சர் கார் ஓட்டப் பழகியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. கண்டி மஹய்யாவயிலிருந்து புசல்லாவைக்குப் பக்கத்தில் உள்ள தோட்டப் பாடசாலைக்குப் பல வருடங்களாக பஸ்ஸில் வந்து போனவர் அவர். நான் அதே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கண்டியிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் போவோம், ஒன்றாகத்தான் திரும்புவோம். அவருடைய முழங்கால்கள் தேய்ந்து, பஸ்ஸில் ஏற ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடிக்க வேண்டி வந்த காலத்தில், ஒரு நாள் கம்பளை தாண்டும்போது சாதாரணமாகச் சொன்னார், லைசன்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருப்பதாக. நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

டீச்சரின் தகப்பன் நகரசபைத் தொழிலாளி. மஹய்யாவயில் ஒரு சின்ன வீட்டில் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில் படித்து ஆசிரியையானவர். பாடசாலையில் தரம் ஒன்றை யாரும் விரும்பி எடுப்பதில்லை. இவர் கேட்டு எடுத்தார். ஒரு பிள்ளை நாள் முழுக்க ஓர் எழுத்தைத் தலைகீழாக எழுதினாலும் பிழை என்று சொல்ல மாட்டார். “இன்னும் வரல. வரும். எங்க, இன்னொருக்கா எழுதுங்க” என்பார். எழுத்து வரும்வரை அந்தப் பிள்ளையின் பக்கத்தை விட்டு நகரவும் மாட்டார். அதைப் பொறுமை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பொறுமைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது என்பது எனக்கு அந்தக் காரினால்தான் தெரிய வந்தது.

அவர் கணவர் ஹென்றி அண்ணன் தையற்காரர். இரண்டு பேரும் சேர்த்து வைத்த எல்லாமும் அந்தக் காருக்குள் போனது. புதுக் கார்களையும் விற்று, பழைய கார்களையும் வாங்கித் திருத்தி உத்தரவாதத்தோடு விற்கும் ஒரு பெரிய கம்பனியில் வாங்கினார்கள். தெருவில் யாரிடமோ வாங்காமல் கம்பனியிலேயே வாங்கியதற்குக் காரணம், பெண்கள் இருவர் மலைப்பாதையில் போய் வரப் போகிறோம், ஏதும் என்றால் கேட்க ஓர் இடம் இருக்கட்டும் என்பதுதான். பெற்றோலிலும் பெரிய பெட்டரியிலும் ஓடும் சின்ன ஜப்பான் கார். சாம்பல் நிறம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பாதர் வந்து மந்திரித்தார். அடுத்த நாள் நான் ஏறும்போது மெல்லிய குரலில் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டேன். இரண்டு பக்கத்துக் காவலும் இருக்கட்டும் என்று டீச்சர் சொன்னார்.

முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள், வலயக் கல்விக் காரியாலயத்தில் கொடுத்த பாடநூல் பெட்டிகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கம்பளைக்கு மேலே ஏற்றத்தில் போகும்போது, டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கார் மூச்சடைத்தது போல இழுக்க மறுத்தது. பின்னால் வந்த நுவரெலியா பஸ் ஹோன் அடித்துக்கொண்டே எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. ஓரமாக நிறுத்தி, அணைத்து, சற்று நேரம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் விளக்கும் இல்லை, கோளாறும் இல்லை.

சனிக்கிழமை கம்பனிக்குக் கொண்டுபோனோம். அங்கே வாடிக்கையாளர்களோடு பேசும் கதிரையில் இருந்தவர் அஹ்னாப் என்ற இளைஞர். அக்குறணைப் பக்கத்தவர், மரியாதையான பேச்சு. ஒரு சென்சர் பழுது, மாற்றிவிட்டோம் என்று அடுத்த கிழமை காரைத் திருப்பித் தந்தார். பத்து நாள் போகவில்லை, அதே விளக்கு. இந்தத் தடவை பெட்டரியைக் குளிரவைக்கும் விசிறி என்றார்கள். அடுத்த தடவை அக்ஸிலேட்டர். அதற்கடுத்த தடவை கம்பியூட்டரில் ஏதோ. ஒவ்வொரு தடவையும் பழைய பழுது போகாததோடு புதிதாக ஒன்றும் சேர்ந்து வந்தது. ஒரு தடவை ஹோன் வேலை செய்யவில்லை. ஒரு தடவை பின்சீட்டு பெல்ட் சீட்டுக்கடியில் அகப்பட்டு வெளியே வரவே மறுத்தது. ஒரு தடவை டீச்சர் காலடி விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, துடைத்து, அஹ்னாபிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கம்பனியில் கார் ஒருநாளும் அந்தப் பழுதைக் காட்டவில்லை. அவர்களுடைய ட்ரைவர் தனியாக ஏறி கண்டி வாவியைச் சுற்றிவிட்டு, பேராதனை வரை போய் வந்து, ஒன்றுமில்லை என்பார். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மேடம் புதிதாகப் பழகியவர், ஏற்றத்தில் எப்படி மிதிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு முகம் சூடாகியது. டீச்சர் அதையும் ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். தான் பிழையாக மிதிக்கக்கூடும், யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லித்தந்தால் நல்லது என்றார். அதற்கு ஆள் இல்லை என்றார்கள்.

வெளியே வரும்போது நான் கேட்டுவிட்டேன். “ஒங்களுக்குக் கோவமே வரல்லயா டீச்சர்? அவங்க ஒங்கள ஓட்டத் தெரியாதுங்கிறாங்க.”

“கோவம் வருது. ஆனா அவங்க பொய் சொல்லல அம்னா டீச்சர். அவங்களுக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லத்தான் வெக்கமா இருக்கு.”

அடுத்து நடந்ததை என்னால் இன்னும் ஒரே சீராகச் சொல்ல முடிவதில்லை. பாடசாலை விட்டு நாங்கள் புறப்பட்ட நேரம் மலை முழுக்க மூடுபனி இறங்கியிருந்தது. பாடசாலைக் கேற்றடியில் கமலம் நின்றாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள், அவளுடைய மகள் டீச்சரின் வகுப்பில்தான் படிக்கிறாள். பிள்ளைக்கு இழுப்பு, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. டீச்சர் உடனே பின்கதவைத் திறந்தார். கமலம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முன்னால்.

இறக்கத்தில் ஒரு வளைவுக்குக் கிட்டப் போனபோது டாஷ்போர்டு முழுவதும் கிறிஸ்மஸ் மரம் போல எரிந்து, ஒரேயடியாக அணைந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. கார் மட்டும் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது என்று டீச்சரின் தோள்களைப் பார்த்தே தெரிந்தது. முன்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் வெள்ளையாகப் பனி. அந்தப் பனிக்கு அடியில் எவ்வளவு பள்ளம் என்று தினமும் போய் வருகிற எனக்குத் தெரியும். கலிமாவைச் சொல்லத் தொடங்கியது நினைவிருக்கிறது. முடித்தேனா என்று நினைவில்லை.

ஆனால் ஒன்று மறக்கவில்லை. இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி, முழு உடம்பாலும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த அந்த மனுஷி பேசிக்கொண்டிருந்தார். என்னோடு இல்லை. பின்னால் இருந்த பிள்ளையோடு. வகுப்பில் பேசுகிற அதே குரல், ஒரு நூல்கூட ஏறவில்லை.

“ஒண்ணும் இல்ல கண்ணு. காரு களைச்சுப் போச்சு. இந்தா இப்ப சாஞ்சு நிக்கப் போகுது. நீங்க மெதுவா மூச்சு எடுங்க. எடுங்க. விடுங்க. ஆ, அப்புடித்தான்.”

இடப்பக்கச் சில்லு மலையோர வடிகானுக்குள் இறங்கியது. கதவு மண்மேட்டில் உராய்ந்து உராய்ந்து, புல்லும் கல்லும் கண்ணாடியில் அடிபட்டு, கார் நின்றது. வளைவு எங்களுக்கு முன்னால், ஒரு வீட்டு முற்றத்தின் தூரத்தில் இருந்தது.

கையோ காலோ யாருக்கும் அடிபடவில்லை என்று பார்த்த கையோடு, டீச்சர் குடையை விரித்துக்கொண்டு பின்னால் நடந்து போய்ப் பனிக்குள் நின்றார், மேலிருந்து வருகிற வாகனங்களை மறிக்க. முதலில் வந்த ஆட்டோவை நிறுத்தி, கமலத்தையும் பிள்ளையையும் ஏற்றி அனுப்பினார். பிள்ளைக்கு நேரத்தோடு மருந்து கிடைத்தது. இரண்டு நாளில் வீடு திரும்பிவிட்டாள். ஆட்டோ பனிக்குள் மறைந்த பிறகுதான் டீச்சர் மண்மேட்டில் உட்கார்ந்தார். அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் அந்த நடுக்கத்தை எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே இன்னும் விளங்கவில்லை.

கம்பனிக்குக் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். என் கணவர் நஸீப் வியாபாரி, இப்படியான விஷயங்களில் சூடானவர். முகநூலில் போடுங்கள், நுகர்வோர் அதிகாரசபைக்குப் போங்கள், நான் வருகிறேன் என்று நின்றார். மனேஜரைச் சந்திக்க டீச்சரோடு நாங்கள் இருவரும் போனோம். ஹென்றி அண்ணனும் தைத்துக்கொண்டிருந்த கவுனை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

உரசித் தேய்ந்த கதவைப் பார்த்தபோதே மனேஜர் பயந்திருக்க வேண்டும். எங்களை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, சிங்களத்தில் நீண்ட மன்னிப்பு ஒன்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்: இந்தக் காரைக் கம்பனி திரும்ப எடுத்துக்கொள்ளும். இதைவிடப் புதிதான, குறைய ஓடிய வேறொரு கார் தரும். ஒரு சதம்கூட மேலதிகமாகக் கட்டத் தேவையில்லை. முற்றத்தில் நின்ற ஒரு வெள்ளைக் காரைக் கண்ணாடிக்கூடாகக் காட்டினார்.

நஸீப் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஹென்றி அண்ணனின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

டீச்சர் அந்த வெள்ளைக் காரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மனேஜரிடம் சிங்களத்தில் கேட்டார், என்னுடைய காரை என்ன செய்வீர்கள் என்று.

திருத்தி விற்போம் என்றார் அவர்.

என்ன பழுது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா?

 பார்த்துச் செய்வார்கள் என்றார் மனேஜர்.

“தெரியாமத்தானே இத்தன தடவ திருப்பிக் குடுத்தீங்க” என்று டீச்சர் தமிழுக்கு மாறினார். மனேஜருக்குப் பின்னால் நின்ற அஹ்னாபைப் பார்த்துத்தான் சொன்னார். “தம்பி, இத வாங்குறவங்களும் புள்ளய ஏத்திக்கிட்டுத்தான் போவாங்க. அவங்ககிட்ட என்ன சொல்லிக் குடுப்பீங்க? ரிப்பேர் பண்ணியாச்சுன்னுதானே?”

அஹ்னாப் தரையைப் பார்த்தார்.

வெள்ளைக் கார் தனக்கு வேண்டாம் என்றார் டீச்சர். இந்தக் காரைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன். இதில் என்ன பிழை என்று தெரிய வேண்டும். உங்களில் விஷயம் தெரிந்த ஒருவர் என்னோடு தினமும் பாடசாலைக்கு வந்து திரும்ப வேண்டும், அது மறுபடி நடக்கும்வரை. அதுவரை வேறு யாரையும், எந்தப் பிள்ளையையும் நான் இதில் ஏற்ற மாட்டேன்.

வெளியே வந்தபோது நஸீப் கையை விரித்தார். கையில் வந்ததைத் தட்டிவிட்டு, சாக இருந்த காரையே கேட்கிறாரே என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஹென்றி அண்ணன் மட்டும் கேற்றடியில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு, “அவ சரியாத்தான் சொல்றா. எனக்குத்தான் அந்த வெள்ளக் காரு மேல ஆச வந்துருச்சு” என்றார். எனக்கு அவர் மேலும் ஒரு மதிப்பு வந்தது.

கம்பனி அனுப்பியது கஜனி என்ற பெண்ணை. யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிக்காரி, பொறியியல் படித்து அண்மையில்தான் வேலைக்குச் சேர்ந்தவள். மூத்தவர்கள் யாரும் வர விரும்பாத வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஒரு கறுப்புப் பையில் மடிக்கணினியும் வயர்களும். முதல் நாள் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, கணினியை மடியில் வைத்து, பையைப் பின்சீட்டின் இடப்பக்கம் போட்டாள். அந்தக் காரில் கொஞ்சநாள் நானும் ஏறக் கூடாது என்றுதான் டீச்சர் சொன்னார். நஸீபும் அதையேதான் சொன்னார். நான் இரண்டு பேர் சொல்லும் கேட்கவில்லை. டீச்சருக்குப் பின்னால், வலப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் போகிற காரில் அவரைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

கார் எங்களை ஏமாற்றியது. நாள் போகப் போக, மழையிலும் வெயிலிலும், ஏற்றத்திலும் இறக்கத்திலும், ஒரு விளக்கும் எரியாமல் பூப்போல ஓடியது. இறக்கத்தில் டீச்சர் மலைப்பக்கத்தை ஒட்டியே ஆறுதலாக, மெல்ல ஓட்டுவார். கஜனி திரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாள். பகலில் அவளுக்கு வேலை இல்லை என்பதால் தரம் ஒன்றில் உட்காரவைத்தார் டீச்சர். ஒரு கிழமைக்குள் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவளுடைய யாழ்ப்பாணப் பேச்சைப் பின்பற்றி “ஓம் மிஸ், ஓம் மிஸ்” என்று வகுப்பு முழுக்கச் சொல்லத் தொடங்கியது.

கம்பனியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வா என்றார்களாம். ஒரு நாள் திரும்பும் வழியில் அவளே சொன்னாள், அவளுக்கும் சந்தேகம் வரத் தொடங்கிவிட்டது என்று. டீச்சர் கோபிக்கவில்லை.

“சந்தேகம் வந்தா நல்லது மகள். ஆனா நான் சொன்னத நம்பாட்டியும் பரவால்ல, அந்தக் கதவுல இருக்கிற உராய்ப்ப நம்புங்க. இன்னும் கொஞ்ச நாள் வாங்க.”

கஜனி தலையைக் குனிந்தபடி, “சரி டீச்சர், வாறன்” என்றாள்.

பழுதைக் காட்டியது பலாப்பழம். அதைச் சொன்னால் இன்றைக்கும் பாடசாலையில் சிரிப்பார்கள். பிள்ளை சுகமானதற்கு நன்றி சொல்ல ஏதாவது செய்ய வேண்டும் என்று கமலத்துக்குக் குறை. ஒரு வெள்ளிக்கிழமை, அவளும் அவள் புருஷனும் தோளில் கம்பு போட்டு இரண்டு பெரிய பலாப்பழங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிக்கிக்குள் விளையாட்டுப்போட்டிக்கு வாங்கிய சாமான்கள். வேறு இடம் இல்லை. கஜனி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள, பழங்கள் இரண்டும் எனக்குப் பக்கத்தில், இடப்பக்க இருக்கையில் பயணிகள் போல உட்கார்ந்தன. கார் முழுக்க வாசம்.

இரண்டாவது வளைவில் விளக்கு எரிந்தது.

டீச்சர் ஆயத்தமாக இருந்தார். விசை போவதற்கு முன்பே மலையோரத்தில் நிறுத்திவிட்டார். கஜனி திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். பழங்களை இறக்கச் சொன்னாள். இருவரும் தூக்கிப் புல்லில் வைத்தோம். ஸ்டார்ட் பண்ணினால் கார் நல்ல பிள்ளை. மறுபடி ஏற்றினோம், அவள் சீட்டில் முழங்காலை ஊன்றிப் பலமாக அழுத்தினாள். விளக்கு எரிந்தது. எடுத்தாள், கொஞ்ச நேரத்தில் போனது. 

கார் முழுவதையும் அணைத்துவிட்டு, பையிலிருந்து ஸ்பேனர்களை எடுத்து, அந்த ரோட்டோரத்திலேயே பின்சீட்டைக் கழற்றினாள். அடியில் பெட்டரி. அதிலிருந்து போகும் வயர்க்கட்டு ஒன்று இடப்பக்கத்தில் சீட்டைத் தாங்கும் இரும்புக்குக் கீழே அகப்பட்டு நசிந்திருந்தது. மேல்தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. சீட்டில் பாரம் ஏறி, வளைவில் அசையும்போதெல்லாம் அந்தச் செம்பு இரும்பில் தொட்டிருக்கிறது. தொட்டவுடன் கார் தன்னைப் பாதுகாக்கத் தன்னையே அணைத்துக்கொண்டது. பாடநூல் பெட்டிகள், கமலமும் பிள்ளையும் என்று ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. கம்பனி ட்ரைவர் ஒவ்வொரு தடவையும் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்தார்.

கஜனி இன்னும் குனிந்தபடியே இருந்தாள். கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. புது டேப்.

“டீச்சர், இது கார் வரேக்கை இருந்த பிழை இல்லை” என்றாள். “விக்க முதல் பற்றரியைப் பாத்துப்போட்டுச் சீட்டைத் திருப்பிப் பூட்டேக்கை எங்கட ஆக்கள்தான் வயரை நசிச்சிருக்கினம். பிறகு கழட்டிப் பூட்டின ஒவ்வொரு முறையும் இன்னும் நசிஞ்சிருக்கு. ஆரோ ஒராள் கண்டுமிருக்கிறார். கண்டு, டேப்பைச் சுத்தி மூடிவிட்டிருக்கிறார்.”

 திருத்தத் திருத்தத்தான் பழுது வளர்ந்திருக்கிறது.

கஜனி எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. இதைப் போய்ச் சொன்னால் தன்னை வேலையில் வைத்திருப்பார்களா தெரியாது என்றாள். சொல்லாமல் விடுவதாகச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

“பயமாத்தான் இருக்கும்” என்றார் டீச்சர். “கண்டத கண்ட மாதிரி சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

அப்படியே நின்றார். கஜனி அந்த வயரை இரும்பில் தொடாமல் விலக்கி வைத்துச் சீட்டைப் போட்ட பிறகு நேரே கம்பனிக்குப் போனோம், பலாப்பழங்களைப் பக்கத்தில் இருந்த கமலத்தின் உறவுக்கார வீடொன்றில் வைத்துவிட்டு. வேலைத்தளத்தில் அத்தனை பேருக்கும் முன்னால், சீட்டைத் தூக்கிக் காட்டி, கஜனி சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் முதலில் தடுமாறியது. டீச்சர் அவளுக்கு அரையடி பின்னால், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். ஒரு சொல் பேசவில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் குரல் நிமிர்ந்தது.

மனேஜர் வயரைத் தொட்டுப் பார்த்தார். உடனே மாற்றித் தருவோம், கதவுக்கும் பெயின்ற் அடித்துத் தருவோம் என்றார். அப்போதுதான் டீச்சர் வாய் திறந்தார். இதே மாதிரிக் கார்கள் இன்னும் எத்தனைக்கு இங்கே சீட்டைக் கழற்றிப் பூட்டினீர்கள் என்று கேட்டார்.

 அது ஒரு காரின் பழுது மட்டுமே, மற்றவர்களைப் பயமுறுத்தத் தேவையில்லை என்று மனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அஹ்னாப் முன்னால் வந்தார். எங்களோடு எப்போதும் பவ்வியமாகப் பேசி அனுப்பிவைக்கும் அதே அஹ்னாப்.

இன்னும் சிலர் இதே முறைப்பாட்டைச் சொல்லியிருக்கிறார்கள் சேர், என்றார் அவர். அவர்களுக்கும் ஓட்டுவது சரியில்லை என்றுதான் சொல்லி அனுப்பினோம். எல்லோரையும் நானே கூப்பிடுகிறேன்.

மனேஜர் அவரை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, கூப்பிடு என்றார்.

ஒருவர் நேராக நின்றால் பக்கத்தில் நிற்பவர்களுடைய முதுகும் நிமிர்ந்துவிடுகிறது. அதை நான் அன்று என் கண்ணால் பார்த்தேன். டீச்சர் யாரையும் திட்டவில்லை, வீடியோ எடுக்கவில்லை, ஒருவரையும் தலைகுனிய வைக்க நினைக்கவில்லை. கண்டுபிடிக்கும்வரை நகரவில்லை, அவ்வளவுதான்.

கஜனியின் வேலை போகவில்லை. காரும் இப்போது நன்றாக ஓடுகிறது. தேய்ந்த கதவுக்குப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்; நிறம் கொஞ்சம் பொருந்தவில்லை, டீச்சர் அதைப் பற்றிக் கேட்கப் போகவில்லை. வேறு யாருடைய காரில் என்ன கண்டார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு கலகெதரவில் ஒரு வலீமா கல்யாண விருந்துக்குப் போனோம். சாப்பிட்ட பிறகு ஆண்கள் பக்கத்தில் வாகனக் கதை நடந்திருக்கிறது. நஸீபின் தூரத்து உறவினர் மஹ்ரூப் அங்கே கடை வைத்திருப்பவர். அவர் தன் காரைப் பற்றிச் சொன்னாராம். ஏற்றத்தில் நின்று நின்று போனதாம். கம்பனியில் கேட்டால் உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்றார்களாம். அவரும் அதை நம்பி, மனைவி முன்னால் வெட்கப்பட்டு, பேசாமல் இருந்தாராம். பிறகு ஒரு நாள் திடீரென்று கம்பனியிலிருந்தே ஒரு பொடியன் அழைத்து, உடனே காரைக் கொண்டுவாருங்கள், அதுவரை பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம் என்றானாம். போனால் சீட்டுக்கடியில் ஒரு வயர், இன்னும் கொஞ்சத்தில் முழுதாக அறுந்திருக்குமாம். “ஏன் கூப்பிட்டாங்கன்னு இன்னும் தெரியா. அல்லாஹ்ட காவல்” என்றாராம் மஹ்ரூப்.

நஸீப் இதை என்னிடம் வந்து சொல்லும்போது அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. அன்று கம்பனிக்கு வெளியே கையை விரித்தவர்தான் அவர். மஹ்ரூபிடம் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொல்ல வாய் வரவில்லை என்றார்.

திங்கட்கிழமை காலையில் காரில் ஏறியவுடன் டீச்சரிடம் சொன்னேன். பேராதனைப் பாலத்தில் வாகன நெரிசல். அவர் முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடியே முழுவதையும் கேட்டார்.

“அவங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?” என்று கேட்டார்.

“நாலு பேர் டீச்சர். கடைசி கைக்குழந்தை.”

 லொறி நகர்ந்தது, அவரும் கியரைத் தட்டினார். கெலிஓயா தாண்டினோம். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. வெளியே மழை விட்டு, வயல்களுக்கு மேலே மலைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டிருந்தன. என்னோடு அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த மனுஷி, முழங்கால் வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறவர், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

கம்பளைச் சந்தியில் அவர் வேகத்தைக் குறைத்தார். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் தொடங்க வேண்டும், கரும்பலகைக்கு வெண்கட்டி முடிந்துவிட்டது, கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போவோமா என்று கேட்டார். நான் இறங்கிப் போய் வாங்கி வந்தேன்.